திரேசா அன்ரியின் கேபிள் பெட்டி

போன கிழமை எங்கள் ஊர் பேஸ்போல் அணியின் இந்த வருட முதல் ஆட்டம். ஊர் என்றால் ரொறன்ரோதான். இத்தனை வருடம் இங்கே பனி வழித்த பிறகும் இதை ஊர் என்று சொல்லாவிட்டால் அது நன்றிகெட்டதனம். தேநீர், ஒரு கிண்ணத்தில் மிக்சர், மடியில் ரிமோட் என்று சகல ஆயத்தங்களோடும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தேன். திரையில் ஒரு கறுப்புப் பலகை வந்து, நீங்கள் வசிக்கும் பகுதியில் இந்த ஆட்டத்தைக் காட்ட முடியாது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னது.

நான் காசு கட்டியிருப்பது முழு லீக்குக்கும். அமெரிக்காவின் எந்த மூலையில் எந்த அணி பேஸ்போல் ஆடினாலும் என் வீட்டுக்கு வரும். நான் வாழ்க்கையில் கால் வைக்கப்போகாத ஊர்களின் ஆட்டமெல்லாம் வருகிறது. ஸ்காபரோவில் ரயில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரக்கூடிய மைதானத்தில் நடப்பது மட்டும் வராது. உள்ளூர் ஆட்டத்தின் உரிமை உள்ளூர் சேனலிடம் இருக்கிறதாம். அதைப் பார்க்க வேறு ஒரு அப், அதாவது செயலி, வேண்டுமாம்.

"எல்லாத்துக்கும் எண்டுதானே காசு கட்டினனான்?" என்று மகளிடம் கேட்டேன்.

அவள் கைபேசியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எல்லாம் எண்டா எல்லாம் இல்லை அப்பா. தட்ஸ் எ செப்பரேற் சப்ஸ்கிரிப்ஷன்."

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், கேபிளை வெட்டினால் மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு காலத்தில் சொந்தக்காரர், சிநேகிதர், கோயிலில் பக்கத்தில் நிற்பவர் என்று ஒருவரையும் விடாமல் உபதேசம் செய்தவன் நான். இப்போது படத்துக்கு ஒன்று, தமிழ்ச் சேனல்களுக்கு ஒன்று, லீக்குக்கு ஒன்று, உள்ளூர் அணிக்கு இன்னொன்று, இவையெல்லாம் தடங்காமல் ஓடுவதற்கு இன்ரர்நெற்றுக்கு மேலதிகமாக ஒன்று. கூட்டிப் பார்த்தால் பழைய கேபிள் பில்லைத் தாண்டிப் போய் நிற்கிறது. மனைவிக்கு இந்தக் கணக்கு தெரியாது. நான் எழுதுவதை அவள் வாசிப்பதில்லை என்ற ஒரே துணிவில் இங்கே சொல்லி வைக்கிறேன்.

கூரையில் அன்ரெனா வைத்தால் உள்ளூர் சேனல் சும்மா வரும் என்று யாரோ சொன்ன ஞாபகம். அதற்கு வயர் இருக்கிறதா என்று மேசை லாச்சியைக் கிளறினேன். வயர் இல்லை. தீப்பெட்டி அளவில் ஒரு உலோகத்துண்டு அகப்பட்டது. ஒரு பக்கம் ஒரு வாய், மறுபக்கம் இரண்டு வாய். ஸ்பிளிற்றர். ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் சாமான். மூக்குக்கருகே கொண்டுபோனேன். நான் ஒருகாலம் குடியிருந்த நிலக்கீழ் பேஸ்மென்றின் ஈரவாடை இன்னும் அதில் இருந்தது. அல்லது இருந்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.

அது ஸ்காபரோவிலேயே வோபர்ன் பக்கம் இருந்த திரேசா அன்ரி வீட்டு ஸ்பிளிற்றர். நான் கனடாவுக்கு வந்து இரண்டு வருடங்கூட ஆகாத காலம். அங்கே, பிறந்த நாட்டில், சண்டை முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மேலே அன்ரி தனியே. கீழே பேஸ்மென்றில் நான் தனியே. 'வாடகை கேபிளோடு சேர்த்து' என்று அவர் தமிழ்க்கடை அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் போனேன். கேபிளோடு என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் கேபிள் பெட்டி ஒன்றுதான் இருந்தது. அது அன்ரியின் வரவேற்பறையில். அதிலிருந்து வரும் வயரை இந்த ஸ்பிளிற்றரில் பிரித்து, ஒரு பாதியைத் தன் தொலைக்காட்சிக்கும் மறுபாதியைத் தரையில் துளை போட்டு என்னுடையதற்கும் விட்டிருந்தார். ஆகவே அன்ரி மேலே எதைப் பார்க்கிறாரோ அதுதான் கீழே எனக்கும் வரும். அவர் சேனல் மாற்றினால் என்னுடையதும் மாறும். அவர் பெட்டியை நிறுத்தினால் எனக்கு இருட்டு. பேஸ்மென்றில் இருந்த அந்தக் காலத்தில் ரிமோட் என்ற பொருளை நான் கையால் தொட்டது குறைவு.

எனக்கும் ஒரு உரிமை இருந்தது. பின்னேரம் தமிழ்ச் செய்தி வேண்டுமென்றால் கூட்டும் தும்புத்தடியால் தலைக்கு மேலே முகட்டில் இரண்டு தட்டு. அன்ரி செய்திக்கு மாற்றுவார். செய்தி முடிந்ததும் நான் கேட்காமலே பேஸ்போல் வந்துவிடும்.

அன்ரிக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. மன்னாரைச் சேர்ந்தவர். ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வருடக்கணக்காக வேலை செய்து ஓய்வு பெற்றவர். கூட வேலை செய்த பெண்களிடமிருந்து பேஸ்போல் பைத்தியம் தொற்றியிருந்தது. ஆனால் விதிமுறைகள் தொற்றவில்லை. அவருக்கென்று ஒரு விதி வைத்திருந்தார். துடுப்போடு வந்து நிற்கிறவன் அடிப்பதற்கு முன் நெற்றியிலும் மார்பிலும் தொட்டுச் சிலுவை அடையாளம் போடுகிறானா என்பதுதான் அது. தெற்கே எங்கோ ஒரு தீவிலிருந்து வந்த பெடியன்கள் பலர் அப்படிப் போடுவார்கள்.

"பாரும் தம்பி, உவன் எங்கட பெடியன்," என்பார். மறுகணம் அவனுக்காக ஒரு அருள்நிறை மரியே. வீட்டைச் சூடாக்கும் குழாய் இரண்டு மாடிக்கும் பொது என்பதால் அந்தச் செபம் கீழே எனக்குத் தெளிவாகக் கேட்கும். எதிரணிக்காரனும் சிலுவை போட்டுவிட்டால் அன்ரி தடுமாறிப்போவார். ஊர் அணி தோற்பதா, ஒரு கத்தோலிக்கப் பிள்ளை அவமானப்படுவதா? பல நாட்களில் எங்கள் அணி தோற்றதில் அன்ரியின் செபத்துக்கும் பங்கிருந்தது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அன்ரியின் ஒரே தம்பி அந்தோனி. கலியாணம் கட்டாதவர். மன்னாரில் கடற்தொழில் செய்தவர், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் முல்லைத்தீவுக் கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். மாசியில் யாருடையதோ தொலைபேசியிலிருந்து ஒரு நிமிடம் பேசினார். பிறகு சத்தமில்லை.

அதற்குப் பிறகு நான் தும்புத்தடியைத் தொடவில்லை. அன்ரியால் அந்தச் செய்திகளைத் தாங்க முடியாது, நான் தட்டி அவரை ஏன் பார்க்க வைக்க வேண்டும் என்று நினைத்தேன். பேஸ்போல் தொடங்கும் காலமும் வந்தது. பின்னேரம் முழுக்கப் பேஸ்போல்தான். எனக்குச் செய்தி பார்க்காமல் இருக்க ஏலாது. வேலை முடிந்து வரும் வழியில் தமிழ்க்கடைக்குள் நுழைந்து, கல்லாவுக்கு மேல் தொங்கிய தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, கடைக்காரர் முறைக்காமல் இருக்க ஒரு கட்டுக் கருவேப்பிலை வாங்கிக்கொண்டு வருவேன். என் குளிர்சாதனப் பெட்டி முழுக்கக் கருவேப்பிலை.

ஒரு நாள் கடைக்குள் போனால் அதே தொலைக்காட்சிக்குக் கீழே, குளிர்க்கோட்டின் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு திரேசா அன்ரி நிற்கிறார். என்னைக் கண்டதும் திடுக்கிட்டார்.

"வெண்டிக்காய் வாங்க வந்தனான்," என்றார். கையில் பை இல்லை.

திரும்பி நடந்து வரும்போதுதான் கேட்டேன். "ஏன் அன்ரி வீட்டில செய்தி போடுறியள் இல்லை?"

"நீர் கீழ இருந்து அழுறது குழாயால கேக்குது தம்பி. உம்மட அம்மாவும் பக்கத்தில இல்லை. பிறகு நான் என்னெண்டு போடுறது?"

"நான் உங்களுக்காகத்தான் அன்ரி தட்டாமல் விட்டனான்."

அன்ரி பாதையில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். கிட்டத்தட்ட ஒரு மாதமாக நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதற்காக, ஒருவருக்கும் மனம் ஒட்டாத பேஸ்போலை ஒரு பந்துகூடத் தவறாமல் பார்த்திருக்கிறோம். வீட்டு வாசலுக்கு வந்தபோது அன்ரி அழுதுகொண்டிருந்தார்.

சண்டை முடிந்தது என்று வைகாசியில் அறிவித்தார்கள். அது முடிந்து சில நாட்களில் ஒரு பின்னேரம். நான் சோற்றுக்கோப்பையோடு ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தானாகவே திரை மாறியது. முள்கம்பி வேலி, அதற்குப் பின்னால் கூடாரங்கள், தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் சனம். முகட்டில் காலடி ஓடியது. குழாய்க்குள்ளால் அன்ரியின் குரல் வந்தது.

"தம்பி! ஓடி வாரும்! உதைப் பிடிச்சு வையும்!"

எச்சில் கையோடு ஓடினேன். பெட்டியைப் பின்னோக்கி ஓட்டி, பதிவு செய்யும் பொத்தானை நான்தான் அமத்தினேன். வரிசையின் கடைசியில் ஒரு மனிதர், கையில் நீல வாளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இடது தோள் கொஞ்சம் சரிந்திருந்தது. வாளியைக் கை மாற்றிவிட்டுப் பிடரியைச் சொறிந்தார். அவ்வளவுதான். கமரா வேறு பக்கம் போய்விட்டது. எல்லாம் சேர்த்து அரை நிமிடம் இருக்காது.

"அந்தோனி அப்பிடித்தான் சொறியிறவன்," என்றார் அன்ரி. "சின்னனிலயிருந்து."

அந்த முதுகை வைத்துக்கொண்டு எங்கெங்கோ கடிதம் போட்டோம். பாதர்மாரிடம் சொன்னோம், முகாம்களில் ஆள் வைத்துத் தேடினோம். அந்தப் பெயரில் ஒருவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. வேலி மட்டும் பெட்டிக்குள் இருந்தது. அன்ரி அதை 'வேலி' என்றே சொல்வார். கீழே நான் ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பேன். பந்து உயர எழும்பும். அது கீழே வருவதற்குள் வேலி வந்துவிடும். பிடரியில் கை வைத்த இடத்தில் படம் அசையாமல் நிற்கும். மேலே அன்ரியும் கீழே நானும் ஒரே முதுகைப் பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு அன்ரி ஆட்டத்துக்குத் திரும்புவார். பந்தை யாராவது பிடித்தார்களா என்று அதன் பிறகு தெரியவராது. ஒருநாளும் நான் அதற்காக முகட்டில் தட்டியதில்லை.

பிறகு எனக்குக் கலியாணமாகி வெக்ஸ்போர்ட் பக்கம் வீடு மாறினோம். வெளிக்கிடும்போது அன்ரி ஸ்பிளிற்றரைக் கழற்றிக் கையில் தந்தார். "இனி எனக்கேன் ரெண்டு வாய்?" என்றார். வருடங்கள் ஓடின. கேபிள் விலை ஏறியது. நான் கேபிளை வெட்டி, வெட்டிய பெருமையில் ஊரெல்லாம் பேசித் திரிந்தேன். அன்ரியிடம் மட்டும் அது எடுபடவில்லை.

"கிடக்கட்டும் தம்பி," என்பார்.

நானா விடுகிறவன்? போகும்போதெல்லாம் அவருடைய பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, பார்க்காத இத்தனை சேனலுக்கும் பென்சன் காசில் தண்டம் கட்டுகிறீர்கள் என்று வாதாடினேன். கடைசியில் அன்ரி களைத்துப்போனார்.

"பேஸ்போல் வருமே?"

"வரும் அன்ரி."

"தமிழ்ச் செய்தி?"

"அதுவும் வரும்."

நான் தொலைக்காட்சிக்குப் பின்னால் தூசிக்குள் குனிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அன்ரி இன்னொன்றும் கேட்டார். "உதுக்குள்ள கிடக்கிறதெல்லாம் இருக்கும்தானே?"

"எல்லாம் இருக்கும் அன்ரி," என்றேன்.

இன்ரர்நெற்றில் ஓடும் சின்னப் பெட்டி ஒன்றைப் பூட்டிவிட்டு, பழைய பெட்டியைக் கம்பெனிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே நின்ற பிள்ளை அதைப் பின்னால் இருந்த வண்டிலில் மற்றப் பெட்டிகளுக்கு மேலே போட்டுவிட்டு ரசீது தந்தாள். மாதாமாதம் அன்ரிக்கு எவ்வளவு மிச்சம் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்து, அந்தச் சந்தோசத்தில் எனக்கு நானே ஒரு கொத்துரொட்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து அன்ரி தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, படம் நல்ல வடிவாத் தெரியுது. வேலிய எப்பிடி எடுக்கிறது? நானும் எல்லாத்தையும் அமத்திப் பாத்திட்டன்."

அந்தப் பொத்தானை அமத்தியவன் நான். அந்த முதுகை அவரோடு சேர்ந்து எத்தனையோ தரம் பார்த்தவன் நான். எனக்கே அது மறந்துவிட்டது. கம்பெனிக்கு அழைத்துக் கெஞ்சினேன். திரும்பி வரும் பெட்டிகளை உடனேயே அழித்துவிடுவோம், உங்கள் அந்தரங்கத்தைப் பாதுகாப்பதற்காக என்றார்கள். நேரே போய்ச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. போனேன், சொன்னேன்.

அன்ரி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு பெடியன் சிலுவை போட்டான். அன்ரி செபம் சொல்லவில்லை.

"சரி, விடும்," என்றார். "இத்தினை வருசம் பாத்தன். ஒருக்காலும் அவன் திரும்பேல்லைத்தானே."

பிறகு, புட்டு இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போம் என்றார். சாப்பிட்டேன். நான் அவருக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த காசைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்ரி கண்மூடி மூன்று மாரிகாலம் ஆகிறது. வீட்டை வாங்கியவர்கள் இடித்துவிட்டு உயரமாக ஒன்று கட்டியிருக்கிறார்கள். தரையில் இருந்த துளை, இரண்டு மாடிக்கும் பொதுவான குழாய், நான் தட்டித் தட்டி அடையாளம் விழுந்த முகடு, ஒன்றும் இல்லை.

நான் ஸ்பிளிற்றரோடு நிற்பதைப் பார்த்து மகள் இரக்கப்பட்டு உள்ளூர் சேனலுக்கும் காசு கட்டிவிட்டாள். என் அட்டையில்தான். ஆட்டம் வந்தது. புல்லின் ஒவ்வொரு இதழும் தெரிகிற தெளிவு. துடுப்போடு வந்து நின்ற பெடியன் நெற்றியிலும் மார்பிலும் தொட்டுக்கொண்டான். பந்து உயர எழும்பியது. திரை தானாக மாறும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மாறவில்லை. ரிமோட் என் மடியில்தானே இருந்தது.