தொண்ணூற்றொன்றின் சொந்தக்காரர்கள்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கணக்கில் பட்டம் வாங்கிய நான், தொண்ணூற்றொன்று பகா எண் என்று ஒரு வருஷம் முழுக்க ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவன். கொஞ்சம் சந்தேகத்தோடு சொல்லியிருந்தாலாவது மன்னிப்பு உண்டு. மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னேன்.

எண்பதுகளின் ஆரம்பம். வேலை கிடைக்காத காலத்தில் தேரடிப் பக்கம் ஒரு மாடியறையில், எஸ்.எஸ்.எல்.சி. தவறியவர்களுக்கு டுடோரியல் எடுத்தேன். பகா எண்ணைக் கண்டுபிடிக்க என் வழி சுலபம். இரண்டு, மூன்று, ஐந்தில் வகுபடாது என்றால் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்ப்பேன். நான் படித்த பள்ளியில் வாய்ப்பாடு பன்னிரண்டோடு முடிந்துவிடும். ஏழு பன்னிரண்டு எண்பத்து நான்கு. அங்கே என் அறிவும் கதவைச் சாத்திக்கொள்ளும். அடுத்த படியிலேயே தொண்ணூற்றொன்று உட்கார்ந்திருந்ததை எட்டிப் பார்த்ததில்லை.

என்னிடம் படித்தவர்களில் ஒருவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஓர் அலுவலகத்தில் பியூன். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். கணக்கில் மட்டும் மூன்று முறை தவறியவர், கடைசி முறை இரண்டே மார்க்கில். இந்தத் தடவை தேறினால் ரெக்கார்டு கிளார்க். தேறாவிட்டால் வயது தாண்டிவிடும், ரிட்டயர் ஆகும்வரை எல்லாருக்கும் டீ வாங்கி வர வேண்டியதுதான்.

பரீட்சை முடிந்ததும் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். தொண்ணூற்றுக்கும் நூற்றுக்கும் இடையே உள்ள பகா எண்கள் எவை? இரண்டு மார்க். எனக்குத் தலைகால் புரியவில்லை. முந்தின வாரம்தான் அவரிடம், "தொண்ணூத்தொண்ணு, தொண்ணூத்தேழு. கண்ண மூடிட்டு எழுதுங்கண்ணே" என்று சொல்லியிருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் ஸ்வீட் கடைக்குப் போய்க் காபி சொன்னேன். எதிரே மாஸ்டர் ஒரு தட்டு மைசூர்பாகைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். அகலத்தில் ஏழு, நீளத்தில் பதிமூன்று. சும்மா பெருக்கிப் பார்த்தேன். காபி மூக்கில் ஏறியது. நம்பாமல் மாஸ்டரைக் கேட்டேன். தட்டைப் பார்க்காமலே சொன்னார்: "தொண்ணூத்தொண்ணு சார். எப்பவும் அதான்."

விடைத்தாள் கட்டு அதற்குள் சீல் வைத்துப் போயாயிற்று. யாரிடம் போய் என்னவென்று அழுவது? அவர் தேறட்டும் என்று வேண்டிக்கொண்டு மலையை மூன்று முறை கிரிவலம் வந்தேன். அந்தப் பதிமூன்று மனசை விடவில்லை; விரல் விட்டு ஒன்றிலிருந்து பதிமூன்று வரை கூட்டிக்கொண்டே நடந்தால், தொண்ணூற்றொன்று. செங்கம் ரோட்டில் பழக்கடை பாய் சாத்துக்குடியைக் கோபுரமாக அடுக்கியிருந்தார். அடியில் ஆறுக்கு ஆறு, அதன்மேல் ஐந்துக்கு ஐந்து, இப்படியே உச்சியில் ஒன்று. எண்ணாமல் போயிருக்கலாம். எண்ணினேன். தொண்ணூற்றொன்று. தனிக்கட்டை என்று நான் அடித்துச் சொன்ன எண்ணுக்கு ஊரெல்லாம் சொந்தக்காரர்கள்.

நடுவில் இரண்டு தடவை அவரே பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்து, தேறிடுவேனா என்று கேட்டார். கண்டிப்பாக என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

முடிவு வந்த காலையில் பேப்பரில் அவர் நம்பர் இருந்தது. நான்கு முறை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். தப்பு என்னுது, ரெண்டு மார்க் என்னால போச்சு, இருந்தும் தேறிட்டீங்களே அண்ணே என்றேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவேயில்லை.

"நீங்க சொன்னத யாரு சார் எழுதனது?"