பொருத்தத்துக்கு எத்தனை எச்?

போன வாரம் கே.கே. நகர் இ-சேவை மையத்தில் என் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆதாரில் என் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு 'எச்' கூடுதலாம். அரசாங்கத்துக்கு நானும் அந்த வசந்தியும் வேறு வேறு ஆள். எனக்கும் எச்சுக்கும் பழைய பகை உண்டு.

பல வருஷங்களுக்கு முன்பு, தென்னூரில் மிளகாய்ப்பொடி மில்லுக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். தும்மாமல் கம்ப்யூட்டரில் ஒரு வரி நிரல் எழுத முடியாது. மூன்று மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார் முதலாளி. அந்த மூன்றாவது மாதத்தில்தான் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் மென்பொருளைச் செய்தேன். கணிதம் மட்டும் ஸ்ரீரங்கத்து வரதன் சாருடையது. நிரலை ஒருவர் கண்ணிலும் காட்டமாட்டார், டி.எல்.எல். கோப்பாக மூடித்தான் தருவார். நம் நிரல் ஓடும்போது அந்தக் கோப்பைத் திறந்து, உள்ளே கணக்குப் போடும் ஃபங்ஷனின் பெயரைச் சொன்னால், அது இருக்கும் முகவரியை விண்டோஸ் தரும். அதை ஒரு பாயிண்டரில் வைத்துக்கொண்டு அழைக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் முகவரிக்குப் பதில் பூஜ்யம்; அதை அழைத்தால் நிரலே கவிழ்ந்துவிடும். பூஜ்யமா என்று பார்க்க ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம். மகராசி, எழுதவில்லை.

வாங்க வந்தவர் வையம்பட்டியில் திருமணத் தகவல் மையம் நடத்துபவர். மகளையும் கூட்டி வந்திருந்தார். அவளுக்கு வந்த வரனையே சோதனைக்குப் போடச் சொன்னார். பையனின் நட்சத்திரத்தை அப்பாவுக்கு முந்தி அவளே சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது.

பொத்தானை அழுத்தினேன். திரையில் இருந்த ஜன்னல் அப்படியே மறைந்தது.

"இன்னொரு தடவை போட்டுப் பாருங்களேன், அக்கா" என்றாள். போட்டேன். மறுபடியும் மறைந்தது.

"போதும்மா" என்றார் அப்பா. "ரெண்டு தடவையும் மூஞ்சிய மூடிக்கிச்சு. எந்த ஜோசியரும் இவ்வளவு தெளிவாச் சொன்னதில்லீங்க." அங்கேயே ஆர்டர் கொடுத்துவிட்டார்.

பதறிப்போய் உள்ளறைக்கு ஓடி வரதன் சாருக்கு போன் செய்தேன். "ஃபங்ஷன் பேருல பொருத்தத்துக்கு ரெண்டு எச் போட்டிருக்கேன். நீ ஒண்ணு போட்டுக் கூப்பிட்டா அது எப்படிம்மா வரும்?" என்றார். முதலாளியிடம் சொன்னேன். வாயைத் திறந்தால் ஆர்டரும் போகும், என் வேலையும் போகும் என்றார். அவர்கள் படி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். மிளகாய் நெடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை நிரந்தரமானது.

இன்று மில் இல்லை, ஆபீஸ் இல்லை. நிரல் கவிழ்ந்தால் விதி என்று நம்பும் ஆளும் இல்லை. அவளைத் தேடிப்பிடித்து அந்த எச்சைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்ததுண்டு. அவள் பெயரை அன்று தட்டச்சு செய்தவளே நான்தான், இப்போது நினைவில்லை. பெயர் தெரியாமல் முகவரி எங்கே கிடைக்கும்?