பெரிய பிஸ்டல் கேட்டவர்

புதுக்கோட்டையில் ஒரு துப்பாக்கிக் கடையில் நான் வேலை பார்த்தபோது, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பழைய பிஸ்டல் வாங்க வந்தார். பொன்னமராவதிப் பக்கத்து ஆள். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை. நகைக்கடை ஒன்றில் காவல் வேலை கிடைத்திருந்தது; சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம்.

“பட்டாளத்துல ஒம்போது எம்.எம். அதுக்கு நமக்கு லைசென்ஸ் குடுக்க மாட்டாங்க. பாயிண்ட் முப்பத்திரெண்டு சைஸ்ல காட்டுங்க,” என்றார்.

இடுப்பில் மறையும் சிறியதைக் கொடுத்தேன். தள்ளி வைத்தார்.

“பெருசா, கனமா வேணுங்க. பாத்ததுமே திருடன் ஓடிரணும். நான் சுடுற மாதிரி ஆகக்கூடாது.”

பெரியவை மூன்று இருந்தன. ஒவ்வொன்றிலும் குண்டு அடைக்கும் மேகசினைக் கழற்றி, மேலே ஓடும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து, குண்டு நிற்கும் இடத்தைச் சுண்டுவிரலால் தடவினார். மறுபடியும் தடவினார்.

“காலியாத்தான் சார் இருக்கு,” என்று சிரித்தேன்.

“பட்டாளத்துல நானும் அப்பிடித்தாங்க நெனச்சுத் துப்பாக்கியத் தொடைச்சுக்கிட்டு இருந்தேன். உள்ள ஒண்ணு கெடந்திருக்கு. எதுத்த கட்டில்ல மணமேல்குடிக்காரன் ஒருத்தன் படுத்திருந்தான்.”

பிஸ்டலை மேசைமேல் வைத்தார்.

“வெபத்துன்னு முடிச்சுட்டாங்க. லீவுல அவன் வீட்டுக்குப் போனேன். சுட்டது நான்தான்னு தெரியாம அவன் ஆத்தா எனக்குச் சோறு போட்டுச்சு. சொல்லத்தான் போனேன். சாப்பிட்டுட்டு வந்துட்டேங்க.”

“பெறகு ஏன் சார் இந்த வேலைக்கு?”

“வேற தெரியாதுங்க.”

இருந்ததிலேயே கனமானதை வாங்கிக்கொண்டு போனார். அந்த ஆத்தாவிடம் அவர் சொல்லியிருக்க வேண்டும் என்று சில நாள் நினைக்கிறேன். சில நாள் அப்படி நினைக்க முடிவதில்லை.