நாற்பத்து மூன்றாம் எண் பாட்டில்

வெண்டல் ஹாகன் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. இருபது வருஷமாக அவன் தெருவுக்குத் தபால் போடுகிறவன் நான். பெட்டியில் போடுவதற்குள் வாசலைத் தாண்டி ஓடிவந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போவான். அப்படி ஒன்றும் அவசரக் கடிதம் வராது, விளம்பரத் தாள்தான். சினிமாவுக்குப் போனால் நடுவில் இரண்டு முறை எழுந்து வெளியே போய்வருவான். கடையில் பணம் கட்ட நின்றால் பக்கத்து வரிசை நகர்கிறதென்று அங்கே தாவுவான், அப்புறம் பழைய வரிசைக்கே திரும்பப் பார்த்து எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வான். எங்கள் யூஜீன் ஊரில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவனுக்கு. ஒரு கட்டடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டியதில்லை என்பதால் அந்த வேலையில் தாக்குப்பிடித்தான்.

ஆனால் பீர் என்று வந்துவிட்டால் அவன் நாக்குக்கு எங்கள் ஊரில் ஈடு கிடையாது. இதை நான் பொறாமையோடுதான் ஒப்புக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டில் கடையில் குளிர்பெட்டிகளுக்கு முன்னால் அவனைப் பார்க்கலாம். அங்கே அவனுக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. யாராவது ஒரு டின்னைக் கையில் எடுத்தால் போதும், பக்கத்தில் போய் நின்றுகொள்வான்.

"அத வெச்சிருங்க. அடியில தேதி பாத்தீங்களா? மூணு மாசம் ஆச்சு. ஹாப் பூ வாசனை எல்லாம் செத்துப்போயிருக்கும், வெறும் கசப்புதான் மிச்சம். உங்களுக்குக் கசப்பு தெளிவா வேணுமா, இல்ல பழச்சாறு மாதிரி கலங்கலா வேணுமா?"

"இல்ல, சும்மா ஒரு டபுள் ஐபிஏ குடிக்கலாம்னு..."

"சும்மான்னு சொல்லிட்டு டபுள் ஐபிஏங்கிறீங்களே! ஹாப் கசப்பும் போதையும் ரெட்டிப்பா இருக்கிற பீரு அது. இந்தாங்க, இது பைன் பிசினும் பம்ப்ளிமாஸ் தோலும். நாக்குல ஏறி உக்காந்துக்கும், லேசுல இறங்காது. அந்தப் பச்ச டின்னு மாம்பழ வாசனை. சாதுவாத்தான் தெரியும், ஆனா எட்டரை சதவீதம், ரெண்டாவது டின்னுல காலு பின்னும். வீட்ல இன்னிக்கு என்ன சாப்பாடு?"

"டாக்கோ, காரம் தூக்கலா."

"அப்ப பைன்தான். யோசிக்காதீங்க, எடுத்துட்டுப் போங்க."

ஆள் அதை எடுத்துக்கொண்டு போவார். அடுத்த வெள்ளிக்கிழமை வெண்டலைத் தேடிக்கொண்டே வருவார். கடைக்காரர் முதல் வருஷம் முறைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் புதுச் சரக்கு வந்தால் முதல் டின்னை அவனுக்குத்தான் திறந்து கொடுத்தார்.

இப்படிப்பட்டவன் குடிப்பதோடும் நிறுத்தவில்லை, காய்ச்சவும் செய்தான். வீட்டுக் கராஜில் பெரிய பிளாஸ்டிக் வாளிகளில் நொதிக்க வைத்து பாட்டிலில் அடைப்பான். ஏழெட்டு வருஷமாக ஒரே பீர், டபுள் ஐபிஏ. சனிக்கிழமைகளில் நாங்கள் எட்டுப் பேர் அந்தக் கராஜில் மடக்கு நாற்காலி போட்டு அதைக் குடித்திருக்கிறோம். ஓசியில் குடிக்கிறவன் என்ன சொல்வான்? "பிரமாதம்டா, காசு குடுத்தே வாங்குவேன்" என்றோம். நானும் சொன்னேன், ஒரு தடவை அல்ல.

அவன் அதை நம்பிவிட்டான். ரயில் பாதைக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த டயர் கடை ஒன்றைப் பார்த்துவைத்தான். அங்கே சொந்தமாகப் பீர் காய்ச்சி விற்பது, லிஃப்ட் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு. மே மாதம் ஒரு திங்கட்கிழமை ஏழு வருஷ வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து. அவன் மனைவி கோரினும் போட வேண்டும், ஈடாக நிற்கப்போவது இருவருக்கும் சேர்ந்த வீடு. கோரின் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அறுபது பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கத்தினாலும் சீராக ஓட்டுவாள். பீர் அவளுக்குப் பிடிக்காது, ஆப்பிள் சைடர்தான் குடிப்பாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கான வருஷாந்திரப் போட்டி நடந்தது. ஊருக்கு வெளியே விவசாயிகள் சங்கக் கூடத்தில் வைத்தார்கள். நடுவர்களுக்கு உப்பில்லாத பிஸ்கட், தண்ணீர், துப்புவதற்கு ஒரு சட்டி, பென்சில். பாட்டிலில் பேர், படம் எதுவும் இருக்கக்கூடாது, எண் மட்டும்தான். வெண்டல் வருஷா வருஷம் நடுவர். நானும் அதே நடுவர் பரீட்சை எழுதித் தேறியவன்தான், ஆனால் அவனுக்கு ஒரு படி கீழே. ஒரு பீர் வகைக்குப் பாட்டில் கொடுத்தவர் அந்த வகைக்கு நடுவராக உட்காரக்கூடாது என்று விதி இருக்கிறது. வெண்டலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. "கடையே திறக்கப்போறேன், எனக்கெதுக்கு மெடல்?" என்று அவன் எதையும் அனுப்பவில்லை.

அவனுக்கு அன்று ஒதுக்கியிருந்தது கறுப்பு பீர். என் மேசைக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. கடைசி நிமிஷத்தில் இவனைத் தூக்கி என் எதிரில் போட்டார்கள். எங்கள் மேசை டபுள் ஐபிஏ, பன்னிரண்டு பாட்டில்.

ஐந்தாவது பாட்டில்வரை நாற்காலியில் இருந்தான். அப்புறம் நின்றுகொண்டேதான் எழுதினான். நடுவே ஜன்னலுக்குப் போனான், வந்தான், என் தாளை எட்டிப் பார்த்தான். ஒன்பதாவதாக நாற்பத்து மூன்றாம் எண் வந்தது. தனித்தனியாக எழுதி முடித்த பிறகு இருவரும் பேசி ஒரே மதிப்பெண்ணுக்கு வர வேண்டும். மொத்தம் ஐம்பது.

"எவ்வளவு போட்ட?" என்றான்.

"முப்பத்தி மூணு."

"முப்பத்தி மூணா! மூக்கடைப்பா உனக்கு? நான் இருபத்திரண்டு."

"ஏன்டா, ஹாப் நல்லாத்தானே போட்டிருக்கான்?"

"நல்லா போட்டிருக்கான். அதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. நெறத்தப் பாரு, டெல்மர். பளிச்சுனு இருக்க வேண்டியது டீத்தண்ணியா நிக்குது. மோந்து பாரு. முதல்ல பம்ப்ளிமாஸ் வருதா? எடுத்துராத, அப்படியே வெச்சிரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. இப்ப என்ன வருது?"

மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தது. அவன் சொல்லியிருக்காவிட்டால் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

"காத்து பட்டிருக்கு," என்றான். "பழைய பாட்டில்னா அது வேற கத. இது புதுசு. புதுசுலயே கெட்டுப்போச்சுன்னா, இவன் வாளி மூடியத் தெறந்து தெறந்து பாத்திருக்கான். ஆச்சா, ஆச்சான்னு. ஒவ்வொரு தடவ தெறக்கும்போதும் மேல நிக்கிற வாயு போயிருது, காத்து உள்ள எறங்குது. கைய வெச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாத பய."

நான் இறங்கிவந்தேன், அவன் கொஞ்சம் ஏறினான், இருபத்தாறில் முடித்தோம். அவன் அதோடு விடவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினான். எழுதியதைப் பார்த்து, "கொஞ்சம் கடுமையா இருக்குடா, கடைசி வரிய அடிச்சிரு" என்றேன்.

"நல்ல மூக்கு இருக்கு இவனுக்கு. யாரும் உண்மையச் சொல்லாமதான் இப்படி இருக்கான். நான் அடிக்க மாட்டேன்."

மூன்று மணிக்குப் பரிசு வாசித்தார்கள். அது முடிந்ததும், பாட்டில் அனுப்பியவர்களுக்கு மதிப்பெண் தாள்களை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். கோரின் வந்திருந்தாள். நடுவர்கள் வண்டி ஓட்டக்கூடாது, அவனைக் கூட்டிப்போக வந்தாள் என்று நினைத்தேன். அவளோ வரிசையில் நின்றாள், ஒரு சீட்டைக் கொடுத்தாள், உறையை வாங்கினாள். எனக்கு விளங்கவில்லை.

கூடத்தின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தவளிடம் போனேன். ஏறெடுத்துப் பார்த்தாள். தாளை என் பக்கம் திருப்பினாள்.

"டெல்மர், இது வெண்டல் கையெழுத்துதானே?"

"ஆமா. நாப்பத்தி மூணு. யாரோடது? உன் தம்பியா காய்ச்சினான்?"

"வெண்டல் காய்ச்சினது."

நான் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு பாட்டில் எடுத்து என் பேர்ல குடுத்தேன்," என்றாள். "திங்கக்கிழம நான் கையெழுத்துப் போடணும். எனக்குப் பீர்னா என்னன்னே தெரியாது. யார்கிட்ட போய்க் கேக்கறது? நீங்க எல்லாரும் எங்க வீட்ல சும்மா குடிக்கிறவங்க. முன்னப்பின்ன தெரியாதவங்க என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம்னுதான். இவன் கறுப்பு பீர் மேசைன்னு சொன்னானே!"

"ஆள் வரல, மாத்திட்டாங்க."

"நீயும் அந்த மேசையா? கராஜ்ல பிரமாதம்னு சொன்ன பீர் உனக்கு அடையாளம் தெரியலையா?"

பன்னிரண்டு கசப்பு பீருக்கு நடுவில் யாருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அதை அல்ல. எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் வெண்டல், ஓட்டப்போவது அவள் என்றாலும், வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்துவிட்டான். "என்ன இங்க வந்து உக்காந்துட்டீங்க? கிளம்பலாம், கிளம்பலாம். அது என்ன தாளு?"

கோரின் என்னைப் பார்த்தாள். பிறகு எழுத்து அவனுக்குத் தெரியாதபடி பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் பிள்ளைகள் பேரைக் கூப்பிடுகிற அதே நிதானத்தோடு படித்தாள். "ஹாப் பூவைத் தேர்ந்தெடுத்ததில் குறை இல்லை. உங்களுக்கு நல்ல மூக்கு இருக்கிறது. பொறுமை இல்லை..."

"அட, அந்த நாப்பத்தி மூணா!" என்று உற்சாகமாகிவிட்டான். "ஆளு உனக்குத் தெரிஞ்சவனா? காட்டு, நான் ஒரு வார்த்த பேசணும். பாதி வழி வந்துட்டான் அவன். அந்தக் கைய மட்டும் கட்டிப்போட்டா போதும். வீட்ல ஒருத்தர்கூடவா சொல்லல?"

"சொன்னாங்க. கேக்கல."

"கேக்க மாட்டான். அந்த மாதிரி ஆளுங்க கேக்க மாட்டாங்க."

கோரின் தாளை அவனிடம் நீட்டினாள். "ஏப்ரல்ல நீ அடச்ச பாட்டில், வெண்டல். நான்தான் குடுத்தேன்."

சாவி சுழல்வது நின்றது. தன் எழுத்தையே யாரோ எழுதியதுபோல முதல் வரியிலிருந்து படித்தான். பிறகு கேள்விகள் வந்தன, ஒன்றன் மேல் ஒன்றாக. "எங்க வெச்சிருந்த? வெளியிலயா?"

"குளிர்பெட்டியில. கேரட்டுக்குப் பின்னாடி."

"கொண்டுவரும்போது வெயில்ல..."

"ஐஸ் பெட்டியில வெச்சுத்தான் கொண்டுவந்தேன்."

"குலுங்கியிருக்கும்."

"பள்ளிக்கூட பஸ் ஓட்டறவ நான்."

என் பக்கம் திரும்பினான். "நீ முப்பத்தி மூணு போட்டியே. எதுக்கு எறங்கின?"

"நீ சொன்னது சரியா இருந்துச்சுடா," என்றேன். வேறு என்ன சொல்ல? கராஜில் வருஷக்கணக்காகச் சொன்ன பொய்யை இப்போது இன்னொரு தடவை சொல்லலாம், அவன் பிடித்துக்கொள்வான், திங்கட்கிழமை வீட்டை அடகு வைப்பான்.

வண்டிவரை நடந்தான். திரும்பி வந்தான். மறுபடி போனான். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தான். அங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். *இருபத்தொரு நாள் மூடியைத் தொடாமல் இருக்கப் பழகுங்கள். அதுவரை இதை யாருக்கும் விற்க நினைக்காதீர்கள்.* இந்த இரண்டாவது வரியைத்தான் நான் அடிக்கச் சொன்னேன்.

"திங்கக்கிழம நான் கையெழுத்துப் போடணுமா?" என்றாள் கோரின். கோபமாகக் கேட்கவில்லை. "நீயே சொல்லு. போடுன்னா போடறேன். அப்புறம் அதப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அவன் தாளை நான்காக மடித்தான். அவள் அப்படித்தான் செய்வாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்கு அவன் மேல் இரக்கமாக இருந்தது, கன்னத்தில் ஒன்று வைக்கவும் தோன்றியது. உள்ளே நாற்காலிகளை மடக்கி அடுக்கும் சத்தம் கேட்டது.

"கராஜ்ல ஒரு வாளி இருக்குல்ல," என்றான் கடைசியில். "கட தெறக்கிற அன்னிக்கு ஊத்தலாம்னு வெச்சது."

"தெரியும்."

"இன்னிக்குக் காலைல, கிளம்பறதுக்கு முன்னாடி..."

"ரெண்டு தடவ தெறந்த. பல்லு தேச்சிட்டிருந்தேன், மூடி சத்தம் கேட்டுச்சு."

"மூணு," என்றான் வெண்டல். "கையெழுத்துப் போடாத."