சோப்பம்மாவின் வியாழன்

பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை, சிரிக்காத மேட்ரனிடமிருந்து ஒரு சிரிப்பு, ஆண்கள் வார்டில் ‘ஏய்’ என்று கூப்பிட்டவர்கள் வாயிலிருந்தே ‘அம்மா’. இத்தனையையும் ஒரு வாளி வெந்நீரையும் ஒரு சோப்புக் கட்டியையும் வைத்து வென்றவள் சோப்பம்மா.

“காலை நீட்டுங்க பெரியவரே. மூஞ்சிய எல்லாரும் பாப்பாங்க, காலை நான்தான் பாக்கணும்.”

முழங்கையால் சூடு பார்ப்பாள். சுண்டுவிரலில் தொடங்கிக் குதிகாலில் முடிப்பாள். துண்டால் ஒற்றுவாளே தவிரத் தேய்க்க மாட்டாள். புண் வைப்பதை டாக்டருக்கு முன்பே மூக்கால் கண்டுபிடித்துவிடுவாள்.

பெரிய வியாழனுக்கு வேறு பாஷைகளில் இருக்கும் பெயரைப் பங்கு ஃபாதர்தான் சொன்னார். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிவிட்டு, ஒருவரை ஒருவர் நேசியுங்கள் என்று புதிய கட்டளை கொடுத்த நாள். லத்தீனில் கட்டளைக்கு ‘மந்தாத்தும்’. அதுவே நாளின் பெயராகிவிட்டதாம்.

“அப்ப எனக்கு வாரம் பூரா வியாழந்தான் ஃபாதர்” என்றாள்.

வீட்டில் மட்டும் கட்டளை செல்லவில்லை. வாட்ச்மேன் கணவருக்குச் சர்க்கரை நோய். பூட்ஸைக் கழற்றவே மாட்டார். “ஊர்க்காலெல்லாம் கழுவிட்டு வர்றே. என் காலுமா? போய் உக்காரு.”

“இயேசு கால் கழுவ வந்தப்ப பேதுருவும் முதல்ல இப்படித்தான் சொன்னாராம்” என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவாள். அவள் செய்த பிழை அது ஒன்றுதான்.

ஐந்தாவது வரை படித்த அவள் அக்கா கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தாள். ஐந்து எழுத்து, ஒரு நோட்டு முழுக்க எழுதினாள். சம்பளத்துக்கு இன்னமும் கைநாட்டுதான். “முதக் கையெழுத்து நாங்க வாங்கப்போற வீட்டுப் பத்திரத்துலதான்க்கா.”

அந்த வருஷம் பெரிய வியாழனன்று கோவிலில் ஃபாதர் கால் கழுவும் பன்னிரண்டு பேரில் கணவர் பெயரையும் அவளே கொடுத்தாள். “நான் தொட்டாத்தானே ஆகாது? ஃபாதர் தொடட்டும்.”

பன்னிரண்டு பேருமே வீட்டில் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். அவரும் கதவைச் சாத்திக்கொண்டு கழுவினார், பவுடர் போட்டார். பீடத்தின் முன் இடது காலை நீட்டினார். ஃபாதர் வலது காலைக் கேட்டார்.

சாக்ஸ் கழன்றது. பவுடர் வாசனைக்கு அடியில் இருந்த புண் வாடை மூன்றாம் வரிசையில் இருந்தவளுக்கு எட்டியது. எழுந்து முன்னால் போனாள். பெருவிரலில் தொடங்கிய கறுப்பு கணுக்காலுக்கு வந்திருந்தது.

“எத்தனை நாளா?”

“நீயே அங்க நின்னு நின்னு களைச்சு வர்றே…” என்றார்.

அன்றிரவே, அவள் வேலை பார்க்கும் அதே வார்டு. ஏறிய காய்ச்சலில் அவருக்கு நினைவில்லை. “முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும், இப்பவே. இல்லேன்னா ஆளே தங்க மாட்டார்” என்றார் டாக்டர். நர்ஸ் சம்மதப் பத்திரத்தை வைத்து, பழக்கதோஷத்தில் கைநாட்டு மைப்பெட்டியையும் நகர்த்தினாள்.

சோப்பம்மா அதைத் தள்ளி வைத்தாள். ஆபரேஷன் தியேட்டர் தயாராவதற்குள் வெந்நீர் கொண்டு வந்து, முழங்கையால் சூடு பார்த்து, அந்தக் காலைச் சுண்டுவிரலிலிருந்து கழுவினாள். குதிகால்வரை ஒற்றினாள். கையைத் துடைத்துக்கொண்டு பேனா கேட்டாள்.

ஐந்து எழுத்தும் கோணாமல் வந்தன. கீழே தேதியைக் கூட வந்திருந்த அக்கா எழுதினாள்: 29-3-2018, வியாழன்.