பின்னால் கேட்ட மணி

2023 ஜூன் 12, காலை ஆறு நாற்பது, இலேசான தூறல். பாரிசின் லா சப்பலிலிருந்து நானும் மனைவியும் சைக்கிளில் புறப்பட்டோம். சென் நதியோரமாகவே போய்க் கடலைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அறுபத்தெட்டு வயதில் அவளால் முடியாது என்று நினைத்த நான், பாதி வழியிலுள்ள ரூவானிலிருந்து பாரிசுக்குத் திரும்ப இரண்டு ரயில் டிக்கெட்டுகளை அவளுக்குச் சொல்லாமல் வாங்கி வைத்திருந்தேன்.

பின்னால் வந்தவள் அடிக்கடி மணியடித்தாள். களைத்துவிட்டாள் என்று ஒவ்வொரு முறையும் வேகத்தைக் குறைத்தேன். நான்காம் நாள் ரூவானில் டிக்கெட்டுகளை நீட்டினேன்.

“உமக்கு ஏலாது. ரயிலிலை திரும்புவம்.”

“ஆர் சொன்னது ஏலாதெண்டு?”

“பின்னை ஏன் மணியடிச்சனீர்?”

அவள் சிரித்துவிட்டாள். “இஞ்சேருங்கோ, களைச்சா நீங்கள் யாழ்ப்பாணத்திலை ஓடுற மாதிரி இடப்பக்கம் போறியள். இஞ்சை வலப்பக்கமெல்லோ ஓட வேணும், முன்னாலை கார் வருது. பயத்திலை அடிச்சனான்.”

களைத்தது நான்தான்.

“டிக்கெட் காசு திரும்பத் தரமாட்டாங்கள்,” என்றேன்.

“கடலைப் பாத்திட்டு அழுங்கோ.”

அதன்பிறகு மணி கேட்டதும் வலப்பக்கம் ஒதுங்கினேன். ரூவானிலிருந்து கிளம்பிய மூன்றாம் நாள் மாலை கடல் தெரிந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடமும் அவளுக்காகத்தான் மெதுவாகப் போகிறேன் என்று நம்பியிருந்தேன்.

வீணான டிக்கெட் இரண்டுக்கும் முப்பத்தாறு யூரோ.