எரிப்பதற்கென்று ஒரு புத்தகம்

மொர்வென்னா என் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் பாட்மின் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் ஓய்வு பெறும்வரை பாத்திரம் கழுவியவள். சூனியக்காரி. இதைத் தபால்காரரிடம்கூட அவளே சொல்வாள், ஏதோ தனக்கு முட்டிவலி என்பதுபோல. நான் லவ்டே, ஞாயிறு தவறாமல் மெதடிஸ்ட் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவள். எனக்கு இதெல்லாம் துளியும் பிடிக்காது. முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

"என்ன சூனியக்காரி, இந்த மழையைக் கொஞ்சம் நிறுத்தக் கூடாதா?" என்பேன், வேலிக்கு இந்தப் பக்கமிருந்து.

"நிறுத்தலாம். அப்புறம் உன் முட்டைக்கோஸுக்கு யாரு தண்ணி ஊத்துவா?"

ஒரு காலத்தில் அவளையும் சேர்த்துச் சூனியக்காரிகள் ஐந்து பேர். பௌர்ணமிக்கு அவள் வீட்டில் கூடுவார்கள். சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டி வரும், எனக்கு எரிச்சலாக இருக்கும். அவர்கள் வழக்கப்படி ஆளுக்கொரு புத்தகம். கடையில் வாங்கியது ஆகாது. மந்திரம், மூலிகை, நிலவின் கணக்கு எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதி, தைத்து, அலங்கரிக்க வேண்டும். வெளியாள் கண் படக் கூடாது. எழுதியவர் இறந்தால் கூட்டத்தில் மிஞ்சியவர் அதை எரித்துவிட வேண்டும். ஒருவர் பின் ஒருவராக நான்கு பேரும் போனார்கள். நான்கு புத்தகங்களையும் தன் தோட்டத்தில் வைத்து எரித்தவள் மொர்வென்னாதான். காயப்போட்ட என் படுக்கை விரிப்பெல்லாம் புகை நாறியது.

அதன் பிறகு தன் புத்தகத்தைப் புதிதாகச் செய்ய உட்கார்ந்தாள். பழையதில் பூஞ்சை பிடித்துவிட்டதாம். ஓக் மரக்கிளையில் முண்டு முண்டாக இருப்பதைப் பறித்து ஊறவைத்து, துருப்பிடித்த ஆணியும் போட்டு மை காய்ச்சினாள். பழைய தோல் கோட்டை வெட்டி அட்டைக்குப் போர்த்தினாள். நூலில் தேன்மெழுகு தடவித் தைத்தாள். நான் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் எதிர் ஜன்னலில் அவள் குனிந்த தலை தெரியும். வருடக்கணக்கில் அதே தலை, அதே விளக்கு. அவள் கதவைத் தட்ட ஒரு ஆள் கிடையாது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது. யாருமே பார்க்கக் கூடாத புத்தகத்துக்கு எதற்கு இத்தனை ஜோடனை?

நெஞ்சில் கட்டி என்று டாக்டர் சொன்ன வாரம் அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"லவ்டே, நான் போனப்புறம் அந்தப் புத்தகத்த எரிச்சுடறியா? எங்க ஆளுங்கன்னு யாரும் மிச்சமில்ல."

"நான் சர்ச்சுக்குப் போறவ. என்கிட்டப் போய்க் கேக்கறியே."

"நெருப்பு அதெல்லாம் பாக்காது. நீ பிரிச்சுப் பாக்காம, மூடினபடியே போட்டுடு. அது போதும்."

"எரிக்கலைன்னா?"

அவள் டீக் கோப்பையையே பார்த்தாள். "பழைய சாமான் கடையில கெடக்கும். கண்டவனும் புரட்டிப் பாத்துச் சிரிப்பான்."

அவள் குரல் நடுங்கி நான் அதுவரை கேட்டதில்லை. சரி என்றேன்.

பிப்ரவரியில் போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்தது நானும், அவளுக்கு ஊசி போட வந்துகொண்டிருந்த நர்ஸும்தான்.

தலையணை உறையில் சுற்றியிருந்த புத்தகத்தை, சருகு எரிக்கும் அவளுடைய தகர டிரம்மில் மூடினபடியே போட்டேன். தோல் சுருண்டது. தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினேன். ஓரம் மட்டும் கருத்தது. இறுக்கித் தைத்த அந்தக் கட்டுக்குள் நெருப்பு நுழையவே மாட்டேன் என்றது. பாதி வெந்ததை விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. இடுக்கியால் வெளியே இழுத்து, ஆறவிட்டு, அவளைத் திட்டிக்கொண்டே தாள் தாளாகக் கிழித்துப் போட ஆரம்பித்தேன்.

பார்க்காமல் எப்படிக் கிழிப்பது? சாக்லேட் உறையின் வெள்ளித் தாளில் வெட்டி ஒட்டிய நிலவுகள். நிறம் மங்காத காட்டுப் பூக்கள். முட்செடி வரைந்த வட்டத்துக்குள் இறந்துபோன நால்வரின் பெயர்கள். திருட்டை விரட்டும் மந்திரத்துக்குப் பக்கத்தில் என் பூனை, வாயில் அவள் வீட்டு மீனோடு. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்து வேலிப் பக்கம் திரும்பினால் அங்கே யாருமில்லை.

பாதிப் புத்தகம் தீர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான்கு புத்தகங்களை எரித்தவள் அவள். மூடினபடி போட்டால் எரியாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"கள்ளி" என்று சொல்லிக்கொண்டு, அடுத்த தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தேன்.